யோசேப்பு மாமாவின்ரை கையெழுத்து

சியாமளா அக்கா, நான்தான். வீட்டுப் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள்ளை வந்திட்டன். தண்ணியைத் திறந்து விட்டிருக்கிறன், ஹோலுக்குக் கேக்காது. எங்கடை கொம்பனி இஞ்சினியர் மனுசி, பிராவ் கெல்லர், கதிரையோடை விழுந்து முள்ளந்தண்டு முறிஞ்சு போச்சாம். யோசேப்பு மாமாவிலைதான் பிழை எண்டு கொம்பனியிலை சொல்லுகினம். சொல்லட்டும்.

நான் அவுஸ்பில்டுங் எண்டு வேலை பழகிற இடம் தெரியும்தானே, டோர்ட்மண்டிலை. நடக்க ஏலாத ஆக்களைக் கட்டிலாலை தூக்கிற கதிரை ஒண்டு செய்யினம். இன்னும் விக்கத் தொடங்கேல்லை, செய்து செய்து பாக்கினம். அதாலை கிழமைக்கு நாலு தரம் வரைபடம் மாறும். புதுத் தாளை ஒவ்வொரு மேசைக்கும் கொண்டு போய்க் குடுத்து, பழசை வாங்கிக் கிழிச்சு, 'வாசிச்சு விளங்கினன்' எண்டு லிஸ்டிலை கையெழுத்து வாங்கிறது என்ரை வேலை. நான் தாள் குடுக்காட்டில் அங்கை ஒண்டும் மாறாது. பதினேழு வயசிலை ஆருக்கு இப்பிடி வேலை கிடைக்கும்.

கதிரையைப் பொருத்திப் பூட்டிறவர் அப்பாவின்ரை கூட்டாளி யோசேப்பு மாமா. ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருசமாகியும் அவருக்கு டொச் வாசிக்கத் தெரியாது. நீங்களும் நானும் வீட்டை வாற கடிதமெல்லாம் வாசிச்சு, அன்ட்ராக் படிவம் நிரப்பி, அப்பா அம்மாவின்ரை கையெழுத்தையும் நாங்களே போட்டு வளந்தனாங்கள்தானே. அதே மாதிரித்தான் இதுவும். "நீயே போடு பிள்ளை, என்ன மாறினதெண்டு வாயாலை சொல்லு" எண்டுவார். ஒண்டரை வருசமாப் போடுறன். அவரை விட வடிவாப் போடுவன்.

வேலை முடிய மனுசன் எங்கடை வீட்டை வந்து அப்பாவோடை இருந்து தேத்தண்ணி குடிப்பார். "உன்ரை மகள் இண்டைக்குப் பின்வாசலிலை ஒரு டொச்சுப் பெடியனோடை நிண்டவள். என்ன சிரிப்படாப்பா, எனக்கே சிரிப்பு வந்திட்டுது." பகிடியாத்தான் சொல்லுவார். அப்பா என்ரை எஸ்எம்எஸ் எல்லாம் வாசிச்சுப் போட்டு போனைப் பறிச்சார். மார்கழியோடை வேலையை நிப்பாட்டி லண்டனுக்குப் பெரியம்மா வீட்டை அனுப்பப் போறாராம். எனக்கெண்டு இருக்கிறது அந்த வேலை ஒண்டுதான் அக்கா.

திங்கக்கிழமை, கதிரையைத் தாங்கிற ஆணியை மாத்தினவை. பழசு, சோதிக்கேக்கை ஆளுக்குப் பதிலா வைக்கிற மணல்மூட்டைக்கே வளைஞ்சு போச்சு. புதுசு பலமான உருக்கு. பாக்க ரெண்டும் ஒண்டுதான், பெட்டி நம்பர்தான் வேறை. எல்லாருக்கும் தாள் குடுத்தன். மாமாவின்ரை கையெழுத்தையும் போட்டன். "ஏதும் மாறினதோ பிள்ளை?" எண்டு கேட்டார். "இல்லை மாமா" எண்டன். பழைய தாளை அவற்றை மேசையிலையே விட்டிட்டன், அதிலை இருந்த பெட்டி நம்பரைப் பாத்து மனுசன் பழைய ஆணியையே பூட்டினார். என்ரை கதையெல்லாம் காவிக்கொண்டு போறவருக்கு ஒரு கதையை நான் குடுக்கேல்லை, அவ்வளவுதான். மூட்டையோடை கதிரை விழும், அவரை வேறை பகுதிக்குப் போடுவினம், வீட்டை சொல்ல அவரிட்டை ஒண்டும் இராது எண்டு நினைச்சன்.

இண்டைக்கு மூட்டை வைக்கேல்லை. கதிரையை வரைஞ்ச இஞ்சினியர் பிராவ் கெல்லர், தானே இருந்து பாக்கிறன் எண்டு சிரிச்சுக்கொண்டு ஏறினவ. சோதிக்கேக்கை ரெண்டு மீற்றர் உயரத்துக்குத் தூக்கிறவை. மெல்லமாத்தான் போகும். நான் லிஸ்டோடை பக்கத்திலை நிண்டனான். மேலை இருந்து எனக்குக் கை காட்டினவ. நானும் காட்டினன்.

ஒரு சொல்லுச் சொல்ல நேரம் இருந்தது. சொன்னால் இந்தக் கையெழுத்து ஆற்றை எண்டு கேப்பினம், என்னை நிப்பாட்டிப் போடுவினம். அந்த ஆணி தாங்காதெண்டு தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் நிண்டனான். திரும்ப நடந்தாலும் அப்பிடித்தான் நிப்பன். அவவை ஆர் ஏறச் சொன்னது.

நாளைக்கு விடிய மாமாவை விசாரிக்க ஆக்கள் வருகினம். டொச்சிலை கதைச்சு விட என்னை வரச்சொல்லிக் கேட்டார். ஓம் எண்டிட்டன். வேறை ஆரும் போனால் பிழை பிழையாச் சொல்லி மனுசனை மாட்டி விட்டிடுவினம்.

இப்ப, போன் எடுக்க முந்தி, ஹோலிலை மாமாவுக்குத் தேத்தண்ணி குடுக்கப் போகேக்கை, அப்பாவுக்குக் கேக்காமல் என்னைப் பக்கத்திலை கூப்பிட்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "எனக்கு வயசு போட்டுது பிள்ளை, நான்தான் மறந்து போனன் போலை. அந்த ஆணி மாறினதெண்டு நீ எனக்குச் சொன்னனியெல்லே?"