அப்பா சொல்ல நான் எழுதியது

லோஜனா மிஸ், நீங்கள் கொடுத்த கொப்பி நல்ல கொப்பி. மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் எந்தத் தாளும் ஈரத்தில் ஊறிப்போகும். அது ஊறவில்லை.

குடியை விட்டவர்கள் தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும் என்று கிளினிக்கில் நீங்கள் சொன்னபோது என் அப்பா சின்னராசா சிரித்தார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். "மகள் கெம்பஸ் முடிச்சவதானே. அப்பா சொல்லச் சொல்ல நீர் எழுதும். மனப்பாரம் இறங்கும், தன்னைத் தானே விளங்கிக்கொள்ளுவார்" என்றீர்கள்.

முதலில் அவர் சொன்னதைத்தான் எழுதினேன். கை நடுங்குகிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரத்தோடு போனேன். கங்காணி ஏசவில்லை. இப்படித்தான் போனது.

அதற்குள் தோட்டமே அவரைக் கொண்டாடத் தொடங்கிவிட்டது. கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். பக்கத்துக் காம்பரா மீனம்மா பெரியம்மா என்னைப் பிடித்து வைத்துச் சொன்னார்: "ஒங்கப்பன் இப்ப தங்கம் புள்ள. பாக்கத்தான் வடிவுக்குக் குடுத்து வைக்கல."

வடிவு என் அம்மா. அம்மாவை அடித்த காலத்தில் 'குடி பண்ற வேல' என்றார்கள். நிறுத்திய பிறகு 'சின்னராசா நிறுத்திட்டான்' என்றார்கள். அடித்தது சாராயம், நிறுத்தியது அப்பா. பட்டம் வாங்கியும் எனக்கு இந்த நியாயம் பிடிபடவில்லை. உடைந்த பல்லைக் கையால் மறைத்துக்கொண்டே பேசிய அம்மாவுக்கும் ஒருமுறை போர்த்தினார்கள். அப்போது அவளுக்கு உயிர் இல்லை.

போன வருட மழையில் மலை ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனவள், கற்படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் செத்தாள். விபத்து என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தப் பின்னேரம் அப்பா நல்ல குடிவெறியில் இருந்தார். அவருக்கு எதுவுமே ஞாபகமில்லை.

மறந்துபோன நாட்களைப் பற்றியும் கேட்டு எழுதச் சொன்னது நீங்கள்தான். கேட்டேன்.

"அன்னிக்கி நான் எங்க பாப்பா இருந்தேன்?"

"நீங்களே யோசிங்கப்பா. பீலிப் பக்கம் போனீங்களா?"

"தெரியலயே. நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரிஞ்சத எழுது."

எழுதினேன். தோட்டத்தில் இது புதிதில்லை. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவளுக்குக் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டால், அவள் அரை நாள்தான் வேலை செய்தாள். எழுதியதை வாசித்துக் காட்டினால் தலையாட்டுவதுதான் அப்பாவுக்குத் தெரிந்த பழக்கம்.

தினமும் விளக்கு வைத்ததும் வாசித்துக் காட்டினேன். பீலிக்குப் போனேன் என்று ஒரு நாள். அவளோடு சண்டை போட்டேன் என்று இன்னொரு நாள். தள்ளினேன் என்பதை அவசரப்பட்டு எழுதவில்லை. அதற்கு அவரே பக்குவமாகி வந்தார்.

"பச்ச சேல கட்டியிருந்தா பாப்பா" என்று ஒருநாள் அவராகவே சொன்னார். "நான் புடிச்சுத் தள்ளுனதும் கொடம் உருண்டு போச்சு. அந்தச் சத்தம் இப்பவும் கேக்குது."

அன்று அம்மா போட்டிருந்தது என் பழைய கெம்பஸ் டீசேட். நான் பச்சைச் சேலை என்றே எழுதினேன். நோயாளி சொல்வதைத் திருத்தக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவர் அழுவதைக் கேள்விப்பட்டு நல்ல அறிகுறி என்றுகூடச் சொன்னீர்கள்.

பிறகு அப்பா கொப்பியைப் போட்டிருந்த சேட்டுக்குள் வைத்துக்கொண்டு தானே பொலிசுக்குப் போனார். அங்கே அன்று தமிழ் வாசிக்க ஆளில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள். சிங்களத்தில் வரிக்கு வரி சரியாகச் சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நல்லா எழுதியிருக்காரு" என்றார் பெரிய ஐயா சிங்களத்தில். கையெழுத்து என்னுடையது என்றேன். பாவம், என்னைத் தேற்றி ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள்.

அவர் அன்று உண்மையில் பீலிக்குப் போனாரா என்று நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். அப்பா அன்று பீலிக்குப் போகவில்லை. போகவும் முடியாது. கத்திக்கொண்டிருந்தவரை உள்ளே தள்ளிக் கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டவள் நான். சாவி என் இடுப்பில் இருந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகுதான் திறந்தேன். ஒரு ஓரமாகச் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவரைப் பழிவாங்கினேன் என்று நினைக்காதீர்கள். நேற்று ரிமாண்டில் போய்ப் பார்த்தேன். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. "மனசு லேசா இருக்கு பாப்பா. குடிக்கணும்னே தோணல" என்றார். நீங்கள் சொன்ன மனப்பாரம் இறங்கிவிட்டது, மிஸ்.

செவ்வாய்க்கிழமை வழக்கு. பூட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் அவரை விட்டுவிடுவார்களே என்பீர்கள். விடலாம். ஆனால் வெளியே சாராயத் தவறணை இருக்கிறது. பெற்ற மகளாக இருந்துகொண்டு, தேறி வருகிற மனுசனை நான் எப்படி அந்த ஆபத்தில் கொண்டுபோய் விடுவது?