யாருக்கும் தொந்தரவு தராத ஊரின் ஆம்புலன்ஸ்

தீயென்றால் ஓடி வருபவரும், பான்கேக் தீய்ந்தால் மட்டும் ஓடி ஒளிபவருமான அவைத்தலைவர், நம் தீயணைப்புப் படைத் தலைவர் ஹார்லன் வோஸ் அவர்களே, பனியில் நடந்து வந்தும் பேச்சில் சூடு குறையாத என் பெரியோர்களே, பகலெல்லாம் இந்தப் பான்கேக் விருந்துக்கு மாவு கரைத்துக் கை சோர்ந்தும் முகம் சோராத என் தாய்மார்களே, முன்வரிசை முழுவதும் காலியாகக் கிடக்க, தேவாலயத்தில் போலவே இங்கும் கடைசி வரிசையில் முதுகைச் சுவரோடு ஒட்டி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் என் லூத்தரன் பெருமக்களே, அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதே கடைசி வரிசைக்கு நாற்காலியை இழுக்கும் என் கத்தோலிக்கப் பெருங்குடியினரே, உங்கள் அனைவருக்கும் ஹாஸ்கெட் கவுண்டி மன்றத்தின் கிழக்குப் பகுதி உறுப்பினர் லவோன் பிரெக்கியின் பணிவான மாலை வணக்கம்.

ஆண்டுக்கொரு முறை உங்கள் முன் நின்று நம் மாவட்டமான இந்தக் கவுண்டியின் நிலவரம் சொல்வது என் கடமை. கேட்பது உங்கள் கடமை. கேட்டுக்கொண்டே கண்ணயர்வது உங்கள் உரிமை. அந்த உரிமையை நான் என்றைக்கும் பறித்ததில்லை.

முதலில் பாலம். வடக்கோடைப் பாலம் கட்டி முடிந்ததா? முடிந்தது. திறந்தாயிற்றா? திறந்தாயிற்று. ஓடை அதன் அடியில்தான் ஓடுகிறதா? யாரது, அங்கே இருமுவது? வெய்ன், ஓடை இப்போது உங்கள் சோள நிலம் வழியாக ஓடுகிறது என்பது எனக்கும் தெரியும். பாலம் ஓடையிடம் போவதா, ஓடை பாலத்திடம் வருவதா என்று மன்றம் ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து, நீதிமன்றக் கட்டடத்துக் கடிகாரம். அதற்கு நான்கு முகம். நான்கு முகத்திலும் நான்கு நேரம். பழுது பார்க்கலாமா என்று மன்றத்தில் வாக்கெடுப்பு வைத்தோம். மேற்கு முகத்தைப் பார்த்துப் புறப்பட்ட உறுப்பினர் வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். ஆகவே தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

பிறகு முட்செடி. வேலியோர முட்செடிகளை வெட்டவேண்டும் என்று அறிவித்த நாள் முதல், இரவுச் சாப்பாட்டுக்கு நான் உட்காரும்போதெல்லாம் என் வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது. அத்தனை அழைப்பும் பக்கத்து நிலத்தைப் பற்றி. தன் நிலத்தில் முட்செடி இருக்கிறது என்று சொன்ன ஒரு மனிதரை இந்தக் கவுண்டியில் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அதற்கும் அடுத்து, பனி வரப்பு. கைதட்டுகிறீர்களா, பல்லைக் கடிக்கிறீர்களா? மேடையிலிருந்து சரியாகத் தெரியவில்லை. பனி வழிக்கும் வண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டே போகிறது. ஒதுக்கிய பனி நம் வீட்டுப் பாதையின் முகப்பில் வரப்பாக விழுந்து, விடிவதற்குள் கல்லாக இறுகிவிடுகிறது. இது இயற்கை. ஆனால் இந்தக் கவுண்டியில் உள்ள ஒவ்வொரு வீடும் என்ன நம்புகிறது? ஓட்டுநர் தன் வீட்டு வாசலில் மட்டும் வேண்டுமென்றே கூடுதலாகக் கொட்டிவிட்டுப் போகிறார் என்று நம்புகிறது. அந்த நம்பிக்கையில் எல்லோருக்கும் தலைமகன், அதோ தூணருகே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் ஆரின் ஸ்டாடல்மன். அந்த ஓட்டுநர், இதோ மனைவி ஆர்டிஸோடு உட்கார்ந்திருக்கும் நம் டெல்மர் ஹ்யூஸ்பி. வரப்பினால் வந்த வம்பில் இருவருக்கும் ஆண்டுக்கணக்காகப் பேச்சில்லாமல் இருந்தது. எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கை விட்டு ஒரு விரலைத் தூக்கி வணங்குவது நம் வழக்கம், பகையாளிக்கும் அந்த மரியாதை உண்டு. ஆரின் டெல்மருக்கு அரை விரல்தான் தூக்குவார்.

சிரித்து முடித்தீர்களா? நல்லது. இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம் ஆம்புலன்ஸ்.

அதை ஓட்டுவது யார்? நீங்கள். அதில் நோயாளிக்கு முதலுதவி செய்வது யார்? நீங்கள். சம்பளம் இல்லை, சீருடை இல்லை, நன்றியுணர்ச்சி மட்டும் சில வேளை உண்டு. ஓட்ட ஒருவர், பின்னால் நோயாளியோடு ஒருவர், இந்த இருவர் இல்லாமல் வண்டி கொட்டகையை விட்டு நகரக்கூடாது என்பது விதி. இரவும் பகலும் முறைவைத்து நிற்க நம்மிடம் ஆள் இல்லை. பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, மீதிப் பேர் குளிர்காலம் முழுக்க அரிசோனாவில் வெயில் காய்கிறார்கள். இந்த மாதம் முடிவதற்குள் ஆள் சேரவில்லை என்றால் வண்டியின் அனுமதி ரத்தாகிவிடும். பிறகு உங்களுக்கு மூச்சுத் திணறினால் ஐம்பது மைல் தள்ளியிருக்கும் செல்கர்க்கிலிருந்து வண்டி வரும். அதுவரைக்கும் மூச்சை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். டெல்மர், நீங்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம், ஊருக்கே தெரிந்த கதைதான்.

காற்று சுழற்றியடித்த ஒரு காலை. மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த டெல்மருக்கு நெஞ்சில் பாரம் ஏறுகிறது. பாரம் ஏறியவர் என்ன செய்தார்? உதவிக்கு அழைத்தாரா? அழைக்கவில்லை. மிச்சத் தீனியையும் வைத்து முடித்தார். பிறகு தன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு, தானே ஓட்டிக்கொண்டு, ஊருக்குள் இருக்கும் ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். காரணம் கேட்டால், அன்றைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் முறை அவருடையதாம். அங்கிருந்துதான் அவசர எண்ணுக்கு அழைத்தார். எடுத்தவர் ரெனே.

"நோயாளி எங்க இருக்கார்?"

"ஆம்புலன்ஸ் கொட்டகையில."

"டிரைவர் யாரு?"

"நான்தான், டெல்மர்."

"நல்லதாப் போச்சு டெல்மர். நோயாளி யாரு?"

"அதுவும் நான்தான். ஒண்ணும் அவசரமில்ல ரெனே. காபி குடிச்சிட்டிருந்தா குடிச்சிட்டே பாரு."

பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நம் ட்வைலா கட்டிய சமையல் ஏப்ரனோடு ஓடி வந்தார். முதலுதவிக்கு இந்த ஊரில் அன்றைக்கு இருந்தது அவர் ஒருவர்தான். வந்து பார்த்தால், டெல்மர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"எறங்கிப் பின்னாடி வந்து படுங்க."

"நான் படுத்தா யாரு ஓட்டுறது?"

"நீங்க ஓட்டினா நான் யாருக்கு வைத்தியம் பாக்கறது?"

நியாயமான கேள்விகள் இரண்டு. அவரைப் படுக்கவைத்துவிட்டு ட்வைலா எதிரே நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கும் என் அறைக்குள் ஓடி வந்தார். நான் ஓட்டியிருப்பேன். ஆனால் மன்றம் சுத்தம் செய்யாத மன்றத்துப் படியில் வழுக்கி விழுந்து என் கால் மாவுக்கட்டில் இருந்தது. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் யார்? ஆரின். எதற்காக? பனி வரப்புக்காக. டெல்மர்மீது புகார் சொல்லத் தொப்பியைக் கழற்றி வைத்து அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்.

"வண்டி ஓட்ட ஒரு ஆள் வேணும்" என்றார் ட்வைலா.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"டெல்மருக்கு."

ஆரின் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டினார். "அவன் செத்துட்டான்னா நான் யாரோட போய் சண்ட போடுறது" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி ஓடினார். அறுபதைக் கடந்த ஆரின் ஓடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இனி நான் சொல்வது ட்வைலா சொன்னது. செல்கர்க் சாலையில் வண்டி போகிறது.

"சைரன் போடுங்க ஆரின்."

"எதுக்கு? ஜனங்க என்னமோ ஏதோன்னு பயந்துருவாங்க."

சைரன் இல்லை. ஆனால் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் விரல் தூக்கிக்கொண்டே போனார். மரியாதையில் குறையில்லை. கொஞ்ச தூரம் போனதும் நடுவிலிருக்கும் சின்ன ஜன்னலைத் திறந்தார்.

"டெல்மர், முழிச்சிட்டிருக்கியா?"

மூக்கிலும் வாயிலும் மூடியிருந்த மூச்சுக் கவசத்தை டெல்மர் விலக்கினார். "ம்."

"நல்லது. அந்த வரப்பப் பத்திப் பேசணும்."

"உன் வாசல் வளைவுல இருக்குப்பா. அங்க பனி வழிக்கற பிளேட தூக்கினா மொத்தப் பனியும் உன் தபால் பெட்டி மேல போய் விழும். அதான் தூக்கறதில்ல."

"இத ஏன்டா இத்தன வருஷமா சொல்லல?"

"உன்ன எதுக்கு தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றார் ட்வைலா. "இல்லன்னா எறங்கி நடங்க." கவசத்தைத் திரும்ப மாட்டினார். ஆரின் சத்தம் காட்டாமல் சைரனைப் போட்டார். அதற்குப் பிறகு வண்டி போன வேகத்தை இங்கே உட்கார்ந்திருக்கும் நம் காவல் அதிகாரி ஷெரீப் கேட்காமலிருப்பது நல்லது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். பதறிக்கொண்டு வந்த ஆர்டிஸ், ஆஸ்பத்திரி நடையில் ஆரின் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நீங்க எங்க இங்க?" என்று கேட்டிருக்கிறார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றாராம் ஆரின்.

பெருமக்களே, நாம் நல்லவர்கள்தான். கடைசித் துண்டு கேக்கைப் பாதியாக வெட்டுவோம், பாதியை மீண்டும் பாதியாக வெட்டுவோம், மிஞ்சிய பொடியை யாரும் தொடமாட்டோம். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்பது நம் வேதம். ஆனால் நினைத்துப் பாருங்கள். அந்தக் காலையில் ஆரின் கோபத்தோடு ஊருக்குள் வராமல் இருந்திருந்தால்? வரப்பு இரண்டங்குலம் குறைவாக விழுந்திருந்தால்? ஒரு புகார் அல்லவா டெல்மரைக் காப்பாற்றியது. ஒரு வம்பு அல்லவா வண்டியை ஓட்டியது. அடுத்த முறை நெஞ்சு வலிப்பவருக்கு ஒரு பகையாளி கிடைப்பாரா? கிடைத்தாலும் அவர் அந்த நேரம் என் அறையில் உட்கார்ந்திருப்பாரா?

தொந்தரவு தராமல் வாழ்கிறோம் என்று பெருமைப்படுகிறோம். தொந்தரவு தராமலேயே செத்தும் போகிறோம். போன ஆண்டு மூன்று பண்ணை வீடுகளில் அப்படித்தான் நடந்தது. பெயர் சொல்ல வேண்டாம், அவர்கள் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. எனக்கு அது கோபமாக இருக்கிறது. உங்கள் மேல் இல்லை, நம் எல்லார் மேலும்.

ஆகவே இன்று நான் தொந்தரவு தர வந்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் பயிற்சி வகுப்பு அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை, இதே கூடத்தில். நானும் சேர்ந்துவிட்டேன். ரத்தத்தைக் கண்டால் எனக்கு மயக்கம் வரும், அதற்கும் அங்கே முதலுதவி உண்டாம். இன்னும் யார் யார் வருகிறீர்கள்? எழுந்து நில்லுங்கள்.

யாருமில்லை. எனக்குத் தெரியும். முதல் ஆளாக எழுந்து நிற்பதைவிட நாம் நாற்காலியோடு மண்ணுக்குள் போய்விடுவோம். சரி, கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். பயிற்சிக்கு வர விருப்பமில்லாதவர்கள் மட்டும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.

சிரிக்காதீர்கள் ஹார்லன், நீங்களும் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள். ஆரின் கை தூக்குகிறார். சொல்லுங்கள் ஆரின். என்ன?

"செவ்வாய்க்கிழம எனக்கு பந்துருட்டற பௌலிங் ஆட்டம் இருக்கு."

ஆட்சேபம் கிழமையைப் பற்றி மட்டும்தானா ஆரின்? ஆமென்று தலையாட்டுகிறார். சபையோர் கவனிக்க வேண்டும், தலையாட்டுகிறார். வகுப்பு வியாழக்கிழமைக்கு மாற்றப்படுகிறது.

யாரோ எழுந்து நிற்கிறார்கள். டெல்மர், நீங்களா? ஆர்டிஸ், அவர் கையை விடுங்கள், சொல்லட்டும்.

"வர இஷ்டமில்லாம எந்திரிக்கல லவோன். டாக்டர் இனிமே வண்டி ஓட்ட விடமாட்டேங்கறார். அதான்."

பெருமக்களே, இந்தக் கூடத்தில் முடியாது என்று சொல்ல உரிமையுள்ள மனிதர் எழுந்து நிற்கிறார். உங்கள் அப்பாவை, உங்கள் பிள்ளையை, பிரசவ வலியெடுத்த உங்கள் மனைவியைக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர் நிற்கிறார். அவர் ஒருவர்தான் நிற்கிறார். உட்காராதீர்கள் டெல்மர், ஒரு நிமிடம் அப்படியே நின்று இந்தக் கூடத்தைச் சுற்றிப் பாருங்கள். கடைசி வரிசை வரைக்கும் பாருங்கள். எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இனி எப்போது நெஞ்சு வலித்தாலும், மாட்டுத் தீனியை அப்படியே போட்டுவிட்டு, இவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் நீங்கள் தொந்தரவு கொடுக்கலாம்.

எழுந்து நிற்காத உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வியாழக்கிழமை மாலை பார்ப்போம், வணக்கம்.