கால் இருக்கும் இடம்

மேசைக்கு அடியில் உங்கள் கால்கள் எப்படி இருக்கின்றன என்று குனிந்து பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள், மேடம். வலது கால் முன்னால், இடது கால் நாற்காலிக்கு அடியில், இல்லையா? இதை யாரும் ஓர் ஆற்றல் என்று நினைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று உண்டு. தசையிலும் மூட்டிலும் இருக்கிற நுண்ணிய நரம்பு முனைகள், கை இங்கே இருக்கிறது, முழங்கால் இவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால்தான் பேசிக்கொண்டே சோறு பிசைகிறோம், படியைப் பார்க்காமல் இறங்குகிறோம். முதலில் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கெர்லிங்குக்கு உள்ளே இருக்கிற எங்கள் செம்பனைத் தோட்டத்தில் நான் கிளினிக் பார்க்கிறேன். டாக்டர் இல்லை, மருத்துவ உதவியாளர். ஜூலியஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. பழைய வழக்கப்படி எல்லோருக்கும் நான் டிரெசர். முள் குத்தினாலும் காய்ச்சல் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். கொடுக்கிற மாத்திரையை என்ன, எதற்கு என்று கேட்காமல் விழுங்குவார்கள். என் மனைவி யூஜினியாவும் அப்படித்தான்.

கோலா குபு பாருவில், ஒரு கடைவீட்டு மாடியில், கங்கா என்ற பெண் யோகா ஆசிரியர் பயிற்சி நடத்துகிறார். யூஜினியா சேர ஆசைப்பட்டாள். மாதா கோயிலுக்கு வருகிறவளுக்கு யோகா எதற்கு என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். முதுகுவலிக்கு நல்லது, போகட்டும் என்று சொன்னவன் நான்தான். நான் எதையும் தடுக்கவில்லை என்பது உங்கள் விசாரணைக் குறிப்பில் இருக்கட்டும்.

ஆசனங்கள் மட்டும் சொல்லித்தருவார்கள் என்று நினைத்திருந்தேன். பயிற்சியில் பாதி, உடம்பைக் கவனிப்பது. இரண்டிரண்டு பேராக நிற்பார்கள். ஒருத்தி கண்ணை மூடிக்கொள்வாள், மற்றவள் மெல்ல நெருங்குவாள். நெருங்க நெருங்கத் தன் உடம்பில் எங்கே என்ன நடக்கிறது என்று கண் மூடியவள் சொல்ல வேண்டும். மூச்சு நிற்கிறதா, தாடை இறுகுகிறதா, பாதத்தில் எடை எந்தப் பக்கம் சாய்கிறது. பிறருக்குக் கற்றுக்கொடுக்கிறவள் முதலில் தன் உடம்பைப் படிக்க வேண்டும் என்பது கங்காவின் எண்ணம். நல்ல முறைதான். நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் வீட்டுப்பாடமும் கொடுத்தார். வீட்டில் யார் வரும்போது உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டு வர வேண்டுமாம்.

ஒருநாள் சாப்பிடும்போது யூஜினியா சொன்னாள்:

"உங்க மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே என் வயிறு இறுகிப்போவுதுங்க. இவ்ளோ நாளா எனக்கே தெரியல."

"கேஸா இருக்கும். மருந்து தரேன்."

"கேஸ் இல்லங்க. நீங்க வீட்டுல இருக்கிற அன்னிக்கு நாள் பூரா இறுகியே கெடக்குது."

சண்டைக்குரிய குரலே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு ரசத்தை எடுத்து ஊற்றிக்கொண்டாள்.

நான் அவளை அடித்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். எதை உடுத்துவது, யாரோடு பேசுவது, எப்போது படுப்பது என்பதை நான் முடிவு செய்வேன். ஒரு வீட்டில் யாராவது ஒருவர் முடிவு செய்யத்தானே வேண்டும். வெளியே போனால் அவளுடைய முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வேன். அந்த இடத்தில் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. விரலால் லேசாக அழுத்தினாலே போதும், திரும்ப வேண்டிய பக்கம் திரும்பிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அன்பாகத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அப்படித்தான் பிடித்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"கைய விடுங்க. எனக்கு நடக்கத் தெரியும்."

கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலில் கிட்டார் வாசிக்கும் டெரல் அங்கே நின்றிருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன்.

"என்னா டிரெசரே, உங்க மருந்து வீட்டுல வேல செய்யல போல லா. மாத்திக் குடுத்துப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். யூஜினியாவும் சிரித்தாள். டெரல்மேல் எனக்குக் கோபம் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

அந்த வாரமே அவள் மற்றதையும் சொன்னாள். பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் கங்கா ஒரு வகுப்பை அவளிடமே ஒப்படைக்கப்போகிறார். அதே கடைவீட்டின் பின்பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறது.

"தேர்வு முடிஞ்சதும் அங்க போயிர்றேங்க."

"எப்ப திரும்பி வருவ?"

"வரமாட்டேன். மறைச்சிட்டுப் போகக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

யூஜினியா கெட்டவள் இல்லை, மேடம். ஒரு கருவி தேவைக்கு மேல் நுட்பமாகிவிட்டால் ஒன்றும் இல்லாத இடத்திலும் முள் ஆடும். அப்போது கருவியைத் தூக்கி எறிய மாட்டோம், கொஞ்சம் மட்டுப்படுத்துவோம். நான் செய்தது அவ்வளவுதான்.

நரம்புக்கு நல்லது என்று நாங்களே எல்லோருக்கும் கொடுக்கிற ஒரு வைட்டமின் இருக்கிறது. பெயர் மருத்துவ அறிக்கையில் இருக்கும். உரிய அளவில் அது நரம்பைக் காக்கும். அளவுக்கு மிஞ்சி, தொடர்ந்து உள்ளே போனால் அதே நரம்பைக் கெடுக்கும். அதிலும் எல்லா நரம்பையும் இல்லை, அதுதான் அதிசயம். தசையை இயக்குகிற நரம்பை அது பெரும்பாலும் தொடாது. வலு அப்படியே இருக்கும். முதுகெலும்பின் ஓரத்தில் உணர்வு நரம்புகளின் உயிரணுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அவற்றைத்தான் தேடிப் போகும். கால் இருக்கும், நடக்கும், எடையைத் தாங்கும். எங்கே இருக்கிறது என்பது மட்டும் உரியவருக்குத் தெரியாமல் போகும்.

"இவ்ளோ பயிற்சி செய்யிற, உடம்பு தாங்க வேணாமா? சத்துக்கு இதச் சாப்பிடு" என்று கொடுத்தேன்.

"நீங்க கோவமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு தினமும் காலையில் அவள் பசியாறி முடித்ததும் நானே தண்ணீரோடு எடுத்துக்கொடுத்தேன்.

முதலில் சிலிப்பர். கடையிலிருந்து திரும்பி வந்தவள் ஒரு காலில் மட்டும் சிலிப்பரோடு வாசலில் நின்றாள். மற்றது வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஒருநாள் காலையில், சோப்பு போட்டு முகம் கழுவக் கண்ணை மூடியவள் அப்படியே முன்னால் சாய்ந்து தொட்டியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். பாடப்புத்தகத்தில் இருக்கிறபடியே நடந்தது. கண் திறந்திருக்கும்வரை பார்வை அந்த உணர்வின் வேலையையும் சேர்த்துச் செய்யும். மூடினால் பிடிமானம் போய்விடும்.

வகுப்பில் கண் மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் விழுந்தாள். கவனம் போதவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஹாலில் பாயை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், "பாதத்தத் தேடிக்கிட்டு இருக்கேங்க" என்பாள். நான் சத்தம் போடாமல் நடப்பேன். அவள் முயற்சியைக் கலைக்க விரும்பவில்லை.

கிளினிக்கிலிருந்து இசைக்கவையை எடுத்துவந்தேன். தட்டினால் நடுங்கும் இரும்புக் கவை. எலும்பில் வைத்தால் அந்த நடுக்கம் உள்ளே தெரிய வேண்டும். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, அதைத் தட்டி, கால் கட்டைவிரலில் வைத்து, தெரிகிறதா என்று கேட்டேன். என் கையில் அது ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"நீங்க இன்னும் தட்டவே இல்லியே" என்றாள்.

மறுநாள் காலையும் மாத்திரையைக் கொடுத்தேன்.

தேர்வு தள்ளிப்போயிற்று. அறையைப் பற்றிய பேச்சும் நின்றது. பூசைக்குப் போகும்போது அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். டெரல் பார்த்துவிட்டுக் கிட்டாரைச் சுருதி சேர்க்கக் குனிந்துகொண்டான். அந்த நாட்களில் எங்கள் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வயிறு இறுகுகிறது என்ற பேச்சே இல்லை.

பிறகு கங்கா வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அக்காவுக்கு என்ன மாத்திர குடுக்கறீங்க?"

"சத்து மாத்திரம்மா."

"பாட்டில் எங்க?"

"கிளினிக்ல இருக்கு."

"சத்து மாத்திரைய யாராச்சும் கிளினிக்ல வெச்சிப் பூட்டுவாங்களா அண்ணே?"

யூஜினியா குறுக்கே வந்தாள். "கங்கா, அவரு டிரெசரு. அவருக்குத் தெரியாததா?"

"அதாங்க்கா பயமா இருக்கு" என்றார் கங்கா. அவளை அப்போதே காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிட்டது.

மாத்திரையை நிறுத்தியதால் உணர்வு மெல்ல மெல்லத் திரும்பலாம், முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அங்கே டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த நரம்பணுக்கள் செத்தால் புதிதாக முளைப்பதில்லை.

நேற்று நீங்கள் அவளைப் பார்க்கப் போனபோது உங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள் என்கிறீர்கள். அவருக்குக் கை தவறி அளவு கூடியிருக்கும், இல்லையா மேடம், என்று. என் வக்கீலும் அதையே சொல்லச் சொல்கிறார். அப்படிச் சொன்னால் வழக்கு லேசாகுமாம். அவளுக்கும் மனம் ஆறுமாம். இரவெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வரவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். கை தவறவில்லை. எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான், ஒவ்வொன்றையும் எண்ணிக் கொடுத்தேன். இதை அவளிடமும் சொல்லிவிடுங்கள். தன் புருஷன் வேலை தெரியாதவன் என்று அவள் நினைத்துக்கொண்டு இருக்கக்கூடாது.