நாற்பது படங்களில் ஒரு கண்

“பன்னெண்டாவது படத்துக்கும் பதிமூணாவதுக்கும் நடுவுல நாலு நிமிஷம் இடைவெளி இருக்கே. அதுல என்ன பண்ணீங்க?”

வருகிறேன் சார். அதற்கு முன்னால், உங்கள் ஜன்னல் எனக்குப் பிடித்திருக்கிறது. வெயில் நேராக விழாமல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரு போலீஸ் ஸ்டேஷனில் இப்படியொரு வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூடியோவில் ஜன்னலே கிடையாது. பதினோரு வருஷமாக “கண்ணை மூடாதீங்க” என்று சொல்வதுதான் என் உத்தியோகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூச்சிகளை எடுப்பேன். அக்கா வீட்டு மாடியறையில்தான் குடியிருக்கிறேன். எடுத்ததும் கீழே இறங்கி வந்து அத்தானிடம் காட்டுவேன். அவர் செல்போன் திரையில் இரண்டு விரலை வைத்து எறும்பின் கண்ணை இழுத்துப் பெரிதாக்குவார். “எறும்பு என்ன, ஓடுற பஸ்ஸுல நின்னுச்சா மச்சான்?” என்பார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அவர் சொன்னது சரிதானே. கண் மங்கலாகத்தான் இருந்தது.

அவ்வளவு கிட்டத்தில் போனால் தெளிவு என்பது ஒரு தாளின் கனம்தான் சார். இமைமயிர் துல்லியமாக விழுந்தால் விழி கலங்கிவிடும். அதனால் கேமராவை ஒரு மயிரிழை முன்னே நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று நாற்பது எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் எடுத்துக் கம்ப்யூட்டர் ஒன்றாகச் சேர்க்கும். எதிரில் இருப்பது அசையக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. பூச்சிகளைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைப்பேன். சில வெளியே எடுத்த பிறகும் அசையாது. அவைதான் நல்ல பூச்சிகள்.

இந்த வருஷ போட்டோப் போட்டிக்குத் தலைப்பு ‘மனிதக் கண்’ என்று வந்தது. மனிதர்களுக்கு ஃபிரிட்ஜ் வசதி இல்லை.

அத்தானைக் கேட்டேன். உடனே சம்மதித்தார், தாராளமான மனிதர். அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சோபாவில் படுக்க வைத்து, தலை ஆடாமலிருக்க நெற்றியைப் பெல்ட்டால் கட்டினேன். இமையை டேப் ஒட்டித் தூக்கி நிறுத்தினேன். “கையையும் கட்டிடு மச்சான், கண்ணைக் கசக்கினாலும் கசக்கிடுவேன்” என்று சொன்னது அவர்தான். எழுதிக்கொள்ளுங்கள், அவரே சொன்னது.

பன்னிரண்டு படம் வரை பொறுமையாக இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்தால் கண் ஆடியது. சிரிக்காதபோதும் மூச்சில் ஆடியது. அசையாதீர்கள் என்று மூன்று முறை கேட்டுக்கொண்டேன், மரியாதையாகத்தான். “அசையாம இருக்க நான் என்ன செத்தவனா?” என்றார்.

யோசனை அவருடையது. சோபாத் தலையணை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நீங்கள் கேட்ட நாலு நிமிஷம் அதுதான்.

மீதி இருபத்தெட்டுப் படங்களும் அருமையாக விழுந்தன. கட்டுகளை அவிழ்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். முன்பே இரண்டு முறை நெஞ்சுவலி வந்தவர் என்பதால் டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார். அக்காவைத் தேற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதனால் எடிட்டிங்கில் உட்கார நான்கு நாள் தாமதம்.

உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கண்மணி ஒரே அளவில் இல்லை. பன்னிரண்டு வரை கடுகளவு, பதிமூன்றிலிருந்து மிளகளவு. சேர்த்தால் இரட்டை வளையம் விழுந்தது. உயிர் போனால் கண்மணி விரிந்துவிடும் என்று எந்த போட்டோப் பாடத்திலும் சொல்லவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து கையாலேயே சரிசெய்தேன். டேப்பின் நிழலை அழித்தேன், சிவந்த நரம்புகளை வெளுக்க வைத்தேன். விழியில் தெரிந்த என் உருவத்தையும் துடைத்தேன். தலையணையோடு அல்ல, கேமராவோடுதான் நின்றிருந்தேன், ஆனாலும் உறுத்தியது.

முதல் பரிசு. ஆனால் விதிப்படி, ஜெயித்தவர் திருத்தாத மூலப் படங்கள் அனைத்தையும் அனுப்ப வேண்டும். பின்னால் எடுத்த இருபத்தெட்டை மட்டும் அனுப்பியிருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டார். நான் விதியை மீறுகிறவன் இல்லை சார். நாற்பதையும், எடுத்த நேரம் பதிவானபடியே அனுப்பினேன். தேர்வுக்குழுவில் ஒரு கண் டாக்டர் இருப்பார் என்று யார் கண்டார்கள்.

ஆமாம், கொன்றேன். அந்த வார்த்தையை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் வருத்தம் மற்றதோடு ஒட்டாமல் போன அந்தப் பன்னிரண்டு படங்களைப் பற்றித்தான்.

அக்கா வெளியே பெஞ்சில் இருக்கிறாளாம். அவள் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. எப்படியும் நீங்கள் காட்டத்தான் போகிறீர்கள். செல்போனில் வேண்டாம், பெரிய பிரிண்டாகக் காட்டுங்கள். இந்த ஜன்னல் பக்கம் வைத்துக் காட்டுங்கள். இரண்டு விரலால் இழுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. அவள் அழுது முடித்த பிறகு, அவசரமில்லை, கண்ணு ஷார்ப்பா இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா சார்?