ஆறு ஸ்டூல்கள்

எங்கள் கடையில் இருக்கும் ஸ்டூல்கள் நல்ல ஸ்டூல்கள். இரும்புக் கால், மேலே மெத்தை வைத்த கறுப்பு ரெக்சின். மொத்தம் ஆறு. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கியவை. அவற்றோடு வந்த பிளாஸ்டிக் கவரை இன்னும் கழற்றவில்லை. இரண்டாம் மாடி குடோனில் இருக்கின்றன. குடோன் சாவி என்னிடம் இருக்கிறது.

நேற்று போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை, மேடம். பயத்தினால் அல்ல. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காமல் நிற்பேன். மணி அடிக்கும்வரை அப்படியே நிற்கச் சொல்வார்கள். பல நாள் நின்றிருக்கிறேன். அதனால் என் கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடத்தோடு படிப்பை விட்டேன். எழுதினால் எனக்கு எல்லாம் ஒழுங்காக வரும். அதனால்தான் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சைகை காட்டினேன்.

இன்னாசியம்மாள் அத்தை எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். எனக்கு உறவில்லை. தெருவில் எல்லோருக்கும் அத்தை. படிப்பை விட்ட பிறகு பகலெல்லாம் நான் அந்தக் கடையில்தான் இருந்தேன். சீரகம், மிளகு பொட்டலம் மடித்துக் கொடுப்பேன். யாரோடும் பேச வேண்டியதில்லை. அத்தை பதினெட்டு வருடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே வியாபாரம் செய்தார். எட்டாத சாமானைக் கம்பியால் கொக்கி போட்டு இழுப்பார். உட்காரும் பழக்கம் எங்கள் கடைக்கு வருமுன்பே அவருக்கு இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு நத்தம் ரோட்டில் எங்கள் கடை திறந்தது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாடி, ஏசி, தினமும் ஏதாவது ஒன்றுக்குத் தள்ளுபடி. அத்தை மொத்தக் கடையில் வாங்கும் விலையைவிட நாங்கள் விற்கும் விலை குறைவு. கொஞ்ச நாள் அவரே எங்களிடம் சோப்பும் எண்ணெயும் வாங்கிப்போய்த் தன் கடையில் அடுக்கினார். தெருவில் யாரும் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எங்கள் கடைப் பையைச் சேலையால் மூடிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான். அவர் கடையை மூடிய வாரமே நான்தான் மேனேஜர் பிரபு சாரிடம் சொல்லி அவரை வேலையில் சேர்த்துவிட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. யாரைச் சேர்த்துவிட்டோமோ அவருக்கு நாம் பொறுப்பு. அவர் மேல் குறை வந்தால் நம் பெயரில் எழுதுவார்கள். எனக்கு அப்போதுதான் இரண்டாம் மாடிப் பொறுப்பும் சாவியும் கொடுத்திருந்தார்கள். அதுவரை என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை.

லேபர் ஆபீசிலிருந்து சோதனைக்கு யாராவது வந்தால் வாசலில் செக்யூரிட்டி கருப்பணன் அண்ணன் மைக்கில், “பொன்னழகு, கீழே வரவும்” என்று இரண்டு முறை சொல்வார். அப்படிச் சொன்னால் நான் கீழே போகக் கூடாது. குடோனைத் திறந்து ஸ்டூல்களை எடுத்துப் போட வேண்டும். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு மேலே ஏறுவதற்குள் ஆறும் இடத்தில் இருக்கும். அப்போது மூன்று மாடியிலும் என் பெயர் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பதுவரை நிற்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் அத்தைக்குக் கால் வீங்கியது. எண்ணெய் டின் மேல் உட்கார ஆரம்பித்தார். டின்களை மேல் தட்டில் ஏற்றச் சொன்னேன். தரை துடைக்கிற வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். வாளியைக் குடோனில் வைத்துப் பூட்டினேன். அவரைத் திட்டியதே இல்லை. யாரையும் திட்ட எனக்கு வராது.

பாத்திரப் பிரிவில் நிற்கும் மெஹராஜ் அக்காதான் ஒருநாள் கேட்டார்.

“ஏன்டி பொன்னு, ஸ்டூலையெல்லாம் கவரு பிரிக்காம வச்சிருக்கியே, உன் கல்யாணத்துக்குச் சீரா?”

“உக்காந்தா கவரு கிழிஞ்சிரும்க்கா.”

“கிழியட்டும். கால் கிழியுறதுக்கு அது தேவலை.”

அத்தை சிரித்தார். “விடு மெஹராஜு. புள்ள என்ன செய்யும்? மேல உள்ளவுக சொல்றத அது கேக்குது.”

அது அத்தையின் நினைப்பு. பிரபு சார் ஸ்டூலைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார். “பத்திரமா வச்சுக்க” என்றார். நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

மே மாதம் அத்தை பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

“தாயி, இடது கால்ல ரத்தம் கட்டியிருக்காம். ரொம்ப நேரம் நிக்கவே கூடாதுன்னு டாக்டரு எழுதியிருக்காரு. உக்காந்து செய்யுற வேலைன்னா செய்யலாமாம். மேனேஜரு முன்னாடி போனா எனக்கு வார்த்தை வராது. நீ குடுத்துரு.”

“குடுக்கிறேன் அத்தை.”

மூன்று நாள் யோசித்தேன். அவசரப்பட்டு எதையும் செய்கிறவள் இல்லை நான். சீட்டைக் கொடுத்தால், நோயாளியை யார் சேர்த்துவிட்டது என்று கேட்பார்கள். அல்லது அத்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் மலர்விழி படித்துக்கொண்டிருக்கிறாள், வீட்டுக்காரர் இல்லை. எப்படிப் பார்த்தாலும் அவருக்குத்தான் நஷ்டம். நான்காம் நாள் சொன்னேன்.

“குடுத்துட்டேன் அத்தை. பாத்தாரு. உக்கார்றதெல்லாம் முடியாதுன்னுட்டாரு.”

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்காகவா போயி கேட்ட? வாயே தொறக்க மாட்டியே நீ. அது போதும் தாயி.”

அதன் பிறகு அவர் எங்கும் உட்காரவில்லை. மெஹராஜ் அக்கா கூப்பிட்டு அட்டைப்பெட்டியைக் காட்டினால்கூட, “வேணாம், புள்ள பேரு கெட்டுப் போகும்” என்பார். எனக்கும் வேலை எளிதாயிற்று.

ஜூன் பன்னிரண்டாம் தேதி மதியம் மைக்கில் என் பெயர் வந்தது. ஆறு ஸ்டூலையும் எடுத்துப் போட்டேன். ஒன்றை மசாலாப் பிரிவில் அத்தைக்கு முன்னால் வைத்தேன். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மேலே வந்தவர் அவரிடம்தான் கேட்டார்.

“தினமும் உக்காரக் குடுக்கிறாங்களாம்மா?”

அத்தை என்னைப் பார்த்தார். “ஆமாங்கய்யா. எப்ப வேணாலும் உக்காரலாம்.”

அவர் எழுதிக்கொண்டு போனார். நான் ஐந்து ஸ்டூல்களைத் திரும்ப வைத்தேன். ஆறாவதற்கு வந்தபோது அத்தை எழவில்லை.

“செத்த நேரம் இருந்துக்கிறேனே தாயி. கால் என் கால் மாதிரியே இல்ல.”

நான் காத்திருந்தேன். மனதுக்குள் ஐம்பதுவரை எண்ணினேன். பிறகு, “எந்திரிங்க அத்தை, ஆளுக பாக்குறாங்க” என்றேன். அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்து பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வேகமாக வாங்கினார். வாய் எதையோ சொல்லப் பார்த்தது. “எந்திரிங்க அத்தை” என்று இன்னொரு முறையும் சொன்னேன். அப்புறம்தான் மெஹராஜ் அக்கா ஓடிவந்து கத்தினார்.

காலில் கட்டியிருந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது நீங்கள் அறிந்ததுதான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. சீட்டு தன் கைக்கு வரவேயில்லை என்கிறாரே பிரபு சார், அது உண்மையா என்று. உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. நான் கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று அத்தையிடம் சொன்னது பொய். சீட்டை இந்தத் தாளோடு பின் குத்தியிருக்கிறேன். கசங்காமல் வைத்திருக்கிறேன்.

கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றும் அவரிடம் கேட்டீர்களாம். “ஒரு ஸ்டூல்தானே, எடுத்துப் போட்டுக்கச் சொல்லியிருப்பேன்” என்றாராம். இப்போது யாரும் அப்படிச் சொல்லலாம். அன்றைக்கு அத்தையின் வேலையைக் காப்பாற்றியது நான்தான். கடைசி நாள்வரை அவருக்கு வேலை இருந்தது.

மலர்விழி படிப்பை நிறுத்திவிட்டாள். அம்மா செத்த இடம் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். ஆனால் எங்கள் பக்கம் சேர்ந்துகொள்ள வேறு கடை எதுவும் இப்போது இல்லை. நான்தான் பேசிச் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து மசாலாப் பிரிவில் நிற்கிறாள். மேனேஜர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறாள். அம்மாவுக்காக நான் போய்க் கேட்டதை அம்மா வீட்டில் வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாராம். அதற்காக எனக்கு நன்றி சொன்னாள். நல்ல பெண். கால் வலி என்று இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதானால் முதலில் என்னிடம்தான் சொல்வாள்.