பாதிப் படத்தில் எழுந்தவன்

— ஏங்க, தியேட்டர்ல இருந்து கேட்டுக்கிட்டே வர்றேன். பாதிப் படத்துல எதுக்கு எந்திரிச்சு ஓடியாந்தீக?

— தலவலி, பொற்கொடி. விடு.

— தலவலியாம். முந்தல் தாண்டி மலையில அஞ்சு வளைவு ஏறியாச்சு, இன்னும் கண்ணாடியில பின்னாடியே பாத்துக்கிட்டு வர்றீக. பேய்ப் படம் பாத்துப் பயந்துட்டேன்னு சொல்லுங்களேன், நான் என்ன சிரிக்கவா போறேன்?

— படத்துக்குப் பயப்படல.

— பின்ன? அந்தக் கடக்கரை ஊரு, கடல்ல செத்தவுகள்லாம் மூடுபனியோட கரையேறி வந்து வீடு வீடாக் கதவத் தட்டுறது... நானே காலத் தூக்கிச் சீட்டுல வச்சுக்கிட்டேன்.

— அந்தக் கூட்டத்துல சுகன்யா நின்னா.

— யாரு?

— எந் தங்கச்சி. புருவத்துத் தழும்போட. கடேசியா அவளத் தூக்கிட்டுப் போகயில நீ கட்டிவிட்ட மஞ்சச் சேலையில.

— என்னங்க பேசுறீக? அவ போயி மூணு வருசமாச்சு. இது போன வருசம் எடுத்த படம். யாரோ கடக்கரைப் புள்ளையா இருக்கும்.

— என்னையவே பாத்தா. பேசுனா.

— என்ன பேசுனா?

— வேணாம் புள்ள.

— சொல்லுங்க. நானும் அவளப் பாத்தேன். சொல்லப் பயந்துக்கிட்டுத்தான் தெரியாத மாதிரி கேட்டேன்.

— நீயுமா?

— ஆமா. என்ன சொன்னா?

— "அண்ணே, கைய விட்றாத." அன்னைக்கும் இதத்தான் சொன்னா.

— என்னைக்கு? ஜீப்பு பள்ளத்துல போன அன்னைக்கா? நீங்க திரும்பிப் பாக்குறதுக்குள்ள அவ வண்டியோட போயிட்டான்னுதான போலீஸ்ல சொன்னீக? அத்தைகிட்டயும் அதத்தான சொன்னீக?

— பொய். மழையில ரோட்டோரம் சரிஞ்சுச்சு. நான் குதிச்சுட்டேன். ஜீப்பு ஒரு மரத்துல மாட்டித் தொங்குச்சு. உள்ள இருந்து கைய நீட்டுனா. புடிச்சேன், சத்தியமாப் புடிச்சேன். மரம் முறியிற சத்தம் கேட்டுச்சு. என்னையும் சேத்து இழுத்துச்சு, பொற்கொடி.

— கை நழுவிருச்சா? விட்டீகளா?

— விட்டேன். அவ விடல. அவ வெரல ஒண்ணொண்ணா நான்தான் பிரிச்சேன்.

— ஐயோ... அத்தை இன்னைக்கும் ஒங்க கையப் புடிச்சுக்கிட்டுத்தான அழுகுறாக. எம் மகன் என்ன பாடுபட்டானோன்னு.

— தெரியும்.

— வண்டிய ஓரங்கட்டுங்க. பனி எறங்கிருச்சு, முன்னாடி ரோடே தெரியல. மத்தியானத்துல இப்பிடி ஒரு பனிய நான் பாத்ததே இல்ல.

— இங்க நிறுத்த மாட்டேன். இதுதான் அந்த வளைவு.

— அப்பன்னா நானும் ஒண்ணு சொல்லிர்றேன். படத்துல நான் யாரையும் பாக்கல. மூணு வருசமாத் தூக்கத்துல "விடு, விடு"ன்னு பொலம்புறீக. உண்மை ஒங்க வாயால வரட்டும்னுதான் பொய் சொன்னேன். அந்தப் படத்துல செத்தவுக ஒருத்தரும் வாயே தொறக்கலங்க.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— கொரல் படத்துல இருந்து வரல. தியேட்டர்ல எனக்குப் பின்னாடி சீட்டுல இருந்து வந்துச்சு. அதான் எந்திரிச்சு ஓடியாந்தேன். இப்பவும் பின்னாடிதான் இருக்கா. ஒனக்குக் கேக்கல?

— பின்னாடி யாரும் இல்லங்க. காலி சீட்டு... எதுக்கு வண்டிய நிறுத்துறீக?

— நான் பிரேக்க மிதிக்கல. தானா நிக்குது. பொற்கொடி, கேக்குதா இல்லையா?

— கேக்குது. ஒங்ககிட்டப் பேசல. "மதினி, நீங்க மட்டும் எறங்கிக்கங்க"ங்கிறா.