மில்லை வித்த மொட்டை

– துண்ட அழுத்திப் புடிடா ஆகாஷ். சந்தனமும் ரத்தமுமா சீட்டெல்லாம் வழியுது.

– புடிச்சிக்கினுதான் இருக்கேன்க்கா, நீ ரோட்டப் பார்த்து ஓட்டு. பாவா, கண்ண மூடாதீங்க. எதனா பேசுங்க.

– இன்னாத்த பேசறது மச்சான்? வலது கைல அசைவே இல்ல. எலும்பு வெளிய தெரியுது பாரு.

– தோ, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அக்கா, ஹாரன் அடி.

– முன்னாடி திருப்பதி பஸ் நிக்குதுடா. அது மேல ஏறியா போறது?

– எனக்கு விழ வேண்டிய அடி பாவா இது. சுப்பன் என்னைத் தேடித்தான் கம்பியோட வந்திருக்கான், சத்தியமா. சரவணப் பொய்கைல ரெண்டு பேரும் மொட்ட போட்டுக்கினு, சந்தனத்தப் பூசிக்கினு, முதுகு காட்டி நின்னுக்கினு இருந்தோம். ஆள் தெரியாம போட்டுட்டான்.

– மில்ல வித்தவனேன்னு கத்திக்கினுதான் அடிச்சான். நீ பண்ண வேலைக்கு உங்கக்கா புருஷன் மண்டை ஒடையுது.

– மில்ல நான் மூடல பாவா. ஆள் புடிச்சி வித்துக் குடுத்தேன். கம்பெனிங்கள வாங்க விக்க ஆள் புடிக்கறதுதான எங்க பேங்குல வேல?

– அதாம்ப்பா சொல்றேன். நீ பார்க்கறது கல்யாணத் தரகர் வேல. தாலி ஏறினதும் கமிஷன வாங்கிக்கினு அடுத்த வூட்டுக்குப் போயிடுவ. பொண்ணு செத்தாளா பொழச்சாளான்னு திரும்பிப் பார்க்க மாட்ட. நான் அப்பிடியா? டீச்சரு, நர்ஸுன்னு மாசாமாசம் என்னை நம்பிப் போடற காச வருஷக்கணக்கா வெச்சி வளக்கறேன். நான் குடும்பம் நடத்தறவன்.

– தரகன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் ரெண்டு மாப்பிள்ளையக் கொண்டாந்தேன். கோயமுத்தூர்காரன் வெல கொஞ்சம் கம்மி, ஆனா மில்ல ஓட்டறேன்னான். மெட்ராஸ்காரன் வெல ஜாஸ்தி, மூடிட்டு மனை போடறேன்னான். அந்தக் காசுல மில்லுப் பங்க அதிகமா வாங்கி வெச்சிருந்தது உங்க கம்பெனி. மெட்ராஸ்காரனுக்குத் தலையாட்டினதும் உங்க கம்பெனி.

– மேல இருக்கறவங்க பண்ண முடிவு அது. நான் வேணாம்னுதான் சொன்னேன். எத்தினி வாட்டி சொல்றது உனக்கு?

– சரி பாவா. நம்பிக்கினுதான இருக்கேன்.

– நம்பு, நம்பாத போ. மொதல்ல போலீஸ் கேஸு. கொலை முயற்சின்னு எழுதணும். சுப்பன் ஜெயில விட்டு வெளிய வரக் கூடாது.

– வேணாம் பாவா, பாவம். அவன் தம்பி பாலமுருகன் மில்லு வேல போய்த்தான பூச்சி மருந்தக் குடிச்சான்? சாவுக்கு ரெண்டு பேரும் போனோமே, அவங்கம்மா என்னைச் செருப்பாலயே அடிச்சாங்க. வாங்கிக்கினு வந்தேன். கோயமுத்தூர்காரனுக்குக் குடுத்திருந்தா அவன் இன்னிக்கு உசுரோட இருப்பான்.

– குடுத்திருந்தா காசு போட்டவங்களுக்கு உங்கப்பனா பதில் சொல்லுவான்? ஜாஸ்தி வெலை கைக்கு வர்றப்ப கம்மிக்குக் கையெழுத்துப் போட எனக்கு இன்னா பைத்தியமா?

– கையெழுத்தா? நீங்களா போட்டீங்க?

– ஆங், நான்தான். போட்டா இன்னா? நீ உன் வேலயப் பார்த்த, நான் என் வேலயப் பார்த்தேன்.

– எந்தக் கையால போட்ட? இந்தக் கையாலயா? நான் செருப்படி வாங்கறப்ப பக்கத்துல நின்னு வேடிக்க பார்த்தியே, சொல்லு, இந்தக் கையாலதான?

– டேய், முறுக்காத, முறுக்காத. ஷோபனா, அவனப் புடி. ஐயோ, கை போச்சு. ஷோபனா.

– விடுடா ஆகாஷ். விடுன்னு சொல்றேன்ல. அவரு வாங்க வேண்டியத வாங்கிட்டாரு.

– விட்டேன். இத்தினி நாளா உங்கள அண்ணனா நெனச்சேன்.

– நீ பேசாத. ஷோபனா, நீதான் சாட்சி. பக்கத்துல நின்ன இல்ல? தம்பின்னு பார்க்காத. இவன அடிக்க வந்தவன் ஆள் தெரியாம என் வூட்டுக்காரர அடிச்சிட்டான்னு ஸ்டேஷன்ல சொல்லணும்.

– அப்பிடிச் சொல்ல முடியாதுங்க.

– ஏன் முடியாது?

– கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நீங்க போன்ல சிரிச்சிக்கினு பேசினத நான் கேட்டேன். இன்னிக்கு சுப்பன் கம்பியோட எங்கிட்டதாங்க மொதல்ல வந்தான். இந்த ரெண்டு மொட்டைல உன் தம்பி எதுன்னு கேட்டான். மில்ல வித்தது என் தம்பி இல்லடான்னு சொல்லி, உங்களக் காட்டினேன்.